மாய எண்களின் புதிரை அவிழ்த்த மரியா அம்மையார்

அணுக்கருவைப் பற்றி வகுப்பில் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குமே, பின் எப்படி ஒரு சிறு கருவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன? அவற்றையும் நியூட்ரான்களையும் மிகக் குறுகிய தூரத்தில் செயல்படும் வலிய விசை ஒன்று பிணைத்து வைக்கிறது என்றார் ஆசிரியை. ஆனாலும் சில கருக்கள் என்றென்றும் நிலைத்திருக்க, சில நொடியில் சிதைகின்றனவே! இந்தப் புதிரில் ஒரு பெரும் பகுதியை அவிழ்த்தவர் மரியா கோபெர்ட் மேயர்.

இவர் 1906 ஜூன் 28 அன்று, அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த காட்டோவிட்ஸ் நகரில் பிறந்து, கோட்டிங்கனில் வளர்ந்தார். தந்தை குழந்தை மருத்துவப் பேராசிரியர். மகள் வெறும் இல்லத்தரசியாக இருந்துவிடக் கூடாது என்பது அவர் விருப்பம். மரியா கணிதம் படிக்கச் சென்று, மாக்ஸ் பார்னின் வகுப்புகளால் இயற்பியலுக்கு மாறினார். 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஜோசப் மேயர் என்னும் அமெரிக்க வேதியியலாரை மணந்து அமெரிக்கா சென்றார்.

அங்கேதான் சோதனை. கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தர மறுத்தனர். ஜெர்மன் மொழிக் கடிதங்களுக்கு உதவியதற்குச் சிறு தொகை கிடைத்தது, அவ்வளவே. இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியையும் விடவில்லை. 1946இல் சிகாகோ சென்றபோதும் பல்கலைக்கழகத்தில் அவர் சம்பளமில்லாப் பேராசிரியர்தான்! அருகிலிருந்த ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பகுதிநேர ஊதியம் கிடைத்தது.

அங்கே தனிமங்களின் விவரங்களைப் புரட்டியபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது. புரோட்டான்களோ நியூட்ரான்களோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் இருந்தால் அந்தக் கரு தனி உறுதியுடன் இருந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே, அந்த வெள்ளீயத்தில் 50 புரோட்டான்கள். வேறெந்தத் தனிமத்துக்கும் இல்லாதபடி அதற்கு 10 நிலையான ஐசோடோப்புகள் உண்டு. இவ்வெண்களுக்கு மாய எண்கள் என்றே பெயர் வந்தது. கருவை நீர்த்துளி போலக் கருதி வந்த அக்கால அறிஞர் பலருக்கு இது விளங்கவில்லை.

ஒருநாள் என்ரிக்கோ பெர்மி அவருடன் பேசிக்கொண்டிருந்தவர், துகளின் தற்சுழற்சிக்கும் அது வலம்வரும் இயக்கத்துக்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டார். அம்மையாருக்குச் சட்டென்று வழி தெரிந்துவிட்டது! வால்ட்ஸ் நடனமாடும் ஜோடிகளை உவமையாக்கி அவர் தம் மகளுக்கு இதை விளக்கினாராம். ஜோடிகள் அறையைச் சுற்றி வட்டம் வட்டமாக வருகின்றன, கூடவே தம்மைத் தாமே சுழல்கின்றன. ஒரு திசையில் சுழல்வது எளிது, எதிர்த்திசையில் கடினம். கருவிலும் அப்படியே. இரு இயக்கங்களும் ஒரே திசையிலா, எதிரெதிரா என்பதைப் பொறுத்து ஆற்றல் மாறுகிறது. அதனால் அடுக்குகள் நிறையும் இடங்கள் சரியாக மாய எண்களில் வந்து நிற்கின்றன.

அதே சமயம் ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் இதே முடிவைக் கண்டிருந்தார். இருவரும் நண்பர்களாகி, 1955இல் சேர்ந்து நூல் எழுதினர்.

1960இல்தான் சான் டியேகோவில் அவருக்கு முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சென்ற சிறிது காலத்திலேயே பக்கவாதம் தாக்கியும் பணியை விடவில்லை. 1963இல் நோபல் பரிசில் பாதி யூஜின் விக்னருக்கும், மறுபாதி மரியாவுக்கும் யென்சனுக்கும் கிடைத்தது. இயற்பியலில் மேரி கியூரிக்குப் பின் இப்பரிசு பெற்ற இரண்டாம் பெண் இவரே. உள்ளூர்ச் செய்தித்தாளோ தலைப்பில் அவரை ஒரு தாய் என்று மட்டும் குறித்தது. இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேருக்குக் கோபம் வந்தது.

அம்மையார் 1972 பிப்ரவரி 20 அன்று காலமானார். மூன்றாம் பெண்ணாக டோனா ஸ்டிரிக்லாண்ட் அப்பரிசைப் பெற்றது 2018இல்.