ரஷ்யப் புரட்சியின் அந்த 'நிஜ வீடியோ' நிஜமே இல்லை: வரலாற்றையே எடிட் செய்த ஐசன்ஸ்டீன் யார்?

ரஷ்யப் புரட்சி பற்றி யூடியூபில் ஏதாவது ஒரு வீடியோ பார்த்திருந்தால், இந்தக் காட்சி கண்டிப்பாக உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய அரண்மனை. துப்பாக்கியோடு ஓடி வரும் தொழிலாளர்களும் சிப்பாய்களும் இரும்பு கேட் மேல் ஏறி உள்ளே குதிக்கிறார்கள். 1917-ல் யாரோ பக்கத்தில் நின்று எடுத்த மாதிரியே இருக்கும்.

ஆனால் அது சினிமா ஷூட்டிங். சம்பவம் நடந்து 10 வருஷம் கழித்து, 1927-ல் எடுத்தது. படத்தின் பெயர் 'அக்டோபர்'. எடுத்தவர் செர்கெய் ஐசன்ஸ்டீன். இன்றைக்கு ரீல்ஸ் எடிட் பண்ணுபவர்கள் வரை பயன்படுத்தும் எடிட்டிங் உத்திகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். தான் எடுத்த படங்களாலேயே கடைசியில் ரொம்பவும் அடிபட்டவரும் அவர்தான்.

இன்ஜினீயரிங் மாணவர் சினிமாவுக்கு வந்த கதை

1898 ஜனவரியில் ரீகா நகரில் பிறந்தார். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த ஊர், இப்போது லாட்வியாவின் தலைநகரம். அப்பா மிகைல் பெயர் பெற்ற கட்டிடக் கலைஞர். அவர் வடிவமைத்த கட்டிடங்களைப் பார்க்க இன்றும் ரீகாவுக்கு சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள்.

மகனும் அப்பா வழியிலேயே பெட்ரோகிராடில் சிவில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் புரட்சி வெடித்தது. 1918-ல் படிப்பை விட்டுவிட்டு செம்படையில் சேர்ந்தார். அப்பாவோ எதிர்த்தரப்பான வெண்படை பக்கம் போய், பிறகு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்து, 1920-ல் அங்கேயே இறந்துபோனார். ஒரே வீடு, இரண்டு கட்சி.

படையில் அரண் கட்டும் வேலை, பிரசார போஸ்டர் வரையும் வேலை எல்லாம் பார்த்தார். பிறகு மாஸ்கோவில் தொழிலாளர்களுக்கான நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். புகழ்பெற்ற நாடக இயக்குநர் மேயர்ஹோல்டிடம் பாடம் கற்றார். நாடக மேடை போதவில்லை என்று தோன்றியபோது கேமரா பக்கம் திரும்பினார்.

ஹீரோ இல்லாத படம்

1925-ல் வெளியான முதல் முழுநீளப் படம் 'ஸ்ட்ரைக்'. ஜார் ஆட்சிக் காலத்தில் ஒரு ஃபேக்டரி. திருட்டுப் பழி சுமத்தப்பட்ட தொழிலாளி தற்கொலை செய்துகொள்கிறார். மொத்த ஃபேக்டரியும் வேலையை நிறுத்துகிறது. முடிவில் சிப்பாய்கள் வந்து சுட்டுத் தள்ளுகிறார்கள்.

இதில் தனியாக ஒரு ஹீரோ கிடையாது. தொழிலாளர் கூட்டம்தான் ஹீரோ. கிளைமாக்ஸில் மக்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சிக்கு நடுநடுவே, கசாப்புக் கூடத்தில் மாடு வெட்டப்படும் ஷாட்டை வைத்தார். அந்த மாட்டுக்கும் கதைக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஆனா பார்ப்பவர் மனதில் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதுதான் 'மான்டாஜ்'. இரண்டு ஷாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டிலுமே இல்லாத மூன்றாவது அர்த்தம் பிறக்கும் என்பது அவர் கொள்கை. அவர் ஜப்பானிய மொழியும் கொஞ்சம் படித்திருந்தார். கண்ணுக்கான குறியும் தண்ணீருக்கான குறியும் சேர்ந்தால் அழுகை என்று அர்த்தம் வருவதை உதாரணமாகச் சொல்வார். தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கண்ணும் நீரும் சேர்ந்தால் நமக்குக் கண்ணீர்தானே!

அதே ஆண்டு டிசம்பரில் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' திரைக்கு வந்தது. 1905-ல் ஒரு போர்க்கப்பலில் நடந்த மாலுமிகள் கலகம்தான் கதை. அப்போது ஐசன்ஸ்டீனுக்கு வயது 27. ஒடெசா நகரின் படிக்கட்டில் சிப்பாய்கள் மக்களைச் சுட்டுக்கொண்டே இறங்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஒடெசாவில் அந்த நாட்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது உண்மை. ஆனால் படிக்கட்டில் நடந்த அந்தப் படுகொலை, படத்துக்காக உருவாக்கப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்து மக்கள் கிளர்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிரிட்டன் 1954 வரை அதற்குத் தடை போட்டிருந்தது.

'அக்டோபர்' படத்தில் என்ன நடந்தது?

புரட்சியின் 10-வது ஆண்டு விழாவுக்கு ஒரு படம் வேண்டும் என்று சோவியத் அரசு கேட்டது. ஐசன்ஸ்டீனும் இணை இயக்குநர் கிரிகோரி அலெக்சாண்ட்ரோவும் லெனின்கிராடில் நிஜமான குளிர்கால அரண்மனையிலேயே ஷூட்டிங் நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேர் நடித்தார்கள். லெனினாக நடித்தவர் நடிகரே இல்லை. அவரைப் போலவே முகஜாடை இருந்த ஒரு சாதாரணத் தொழிலாளி.

1917-ல் நடந்தது வேறு மாதிரி. அரண்மனைக்குக் காவல் குறைவு. ஆட்கள் பல வழிகளில் உள்ளே நுழைந்தார்கள். நள்ளிரவு தாண்டி அமைச்சர்கள் கைது செய்யப்பட்டார்கள். உயிரிழப்பு மிகக் குறைவு. இருட்டில் நடந்ததால் படம் பிடிக்கவும் வழியில்லை. அந்தக் காலி இடத்தைத்தான் ஐசன்ஸ்டீனின் சினிமா நிரப்பியது. டாக்குமென்டரி மாதிரியே இருந்ததால், காலப்போக்கில் டிவி சேனல்களும் பாடப்புத்தகங்களும் அதையே ஆதாரம் போலப் பயன்படுத்தத் தொடங்கின.

இன்னொரு விஷயமும் நடந்தது. புரட்சியை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ட்ராட்ஸ்கி. படம் முடியும் நேரத்தில் அவர் ஸ்டாலினோடு மோதி, கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். ட்ராட்ஸ்கி வரும் காட்சிகளை வெட்ட வேண்டியிருந்தது. 1927 நவம்பர் விழாவைத் தவறவிட்டு, 1928-ல்தான் படம் முழுமையாக மக்களிடம் வந்தது. நாட்டின் வரலாறு எடிட்டிங் டேபிளில் மாறியது. கத்தரி பிடித்தவர் ஐசன்ஸ்டீன்.

கத்தரி அவர் பக்கம் திரும்பியது

அதன் பிறகு ஹாலிவுட் போனார். பாரமவுன்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டும் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் பண உதவியோடு மெக்சிகோவில் ஒரு படம் தொடங்கினார். செலவு எகிற, 1932-ல் அது நிறுத்தப்பட்டது. எடுத்த ஃபிலிமை எடிட் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஊர் திரும்பி எடுத்த 'பெஜின் மெடோ' 1937-ல் பாதியில் தடை செய்யப்பட்டது. தன் தவறை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக எழுத வேண்டிய நிலை. அந்தப் படத்தின் ஃபிலிம் அழிந்துபோய், இன்று மிஞ்சியிருப்பது ஸ்டில்ஸ் மட்டும்தான். அதில் அவரோடு வேலை பார்த்த எழுத்தாளர் ஐசக் பாபெலும், குரு மேயர்ஹோல்டும் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மேயர்ஹோல்டின் கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் வாங்கி, தன் பொறுப்பில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார் ஐசன்ஸ்டீன். மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும்.

'இவான் தி டெரிபிள்' முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. இரண்டாம் பாகத்தில் மனுஷன் வேறு பாதையில் போனார். யாரையும் நம்பாத ஜார் மன்னனும் அவனுடைய ரகசியப் படையும் திரையில் வந்தபோது, அது யாரைச் சுட்டுகிறது என்று ஸ்டாலினுக்குப் புரியாமல் இருந்திருக்காது. 1946-ல் படம் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு கிரெம்ளினுக்கு அழைத்து நேரிலேயே குறை சொன்னார் ஸ்டாலின். திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்த ஐசன்ஸ்டீன், கடைசிவரை திருத்தவில்லை.

ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது. 1948 பிப்ரவரியில் மறுபடி வந்த மாரடைப்பில் இறந்தார். 50 வயது முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இரண்டாம் பாகம் வெளியானது 1958-ல். ஸ்டாலினும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

இப்போது ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஏஐ வீடியோக்கள் வரும் முன்பே, வெறும் கேமராவும் கத்தரியும் வைத்து நடக்காத ஒரு காட்சியை உலகத்தின் நினைவாக மாற்ற முடிந்திருக்கிறது. அதுவும் பொய் சொல்ல வேண்டும் என்று கிளம்பிய ஒருவர் செய்ததில்லை. தான் நம்பிய ஒன்றுக்காக அற்புதமாகப் படம் எடுத்தவர் செய்தது.

'அக்டோபர்' இன்றும் பார்க்க வேண்டிய படம்தான். அடுத்த முறை அந்த கேட் காட்சி உங்கள் டைம்லைனில் வந்தால், ஃபார்வர்ட் பண்ணும் முன் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: இது 1917 இல்லை, 1927.