கம்பம் ஏறிய ஹென்றி மில்லர்

மழை இரவில் போன கரண்ட் திரும்பி வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம். அதற்காகக் கம்பம் ஏறியவர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. அப்படிக் கம்பம் ஏறியே வாழ்ந்து, கம்பத்திலிருந்து விழுந்தே இறந்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

ஹென்றி மில்லர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே, தந்திக் கம்பி இழுக்கும் ஆட்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். தொழிலைப் பார்த்துப் பார்த்தே கற்று லைன்மேன் ஆனார். 1886-இல் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து, ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார்.

மின்விளக்கு புதிதாக வந்த காலம் அது. லைன்மேன்களுக்குத் தினம் 12 மணி நேரம், வாரம் 7 நாளும் வேலை. வாரக்கூலி சுமார் 8 டாலர். முறையான பயிற்சியும் இல்லை, பாதுகாப்பு விதிகளும் இல்லை. சில ஊர்களில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேலையிலேயே உயிர்விட்டார்கள்.

1890-இல் செயின்ட் லூயிஸில் நடந்த பொருட்காட்சிக்கு மின்சார வேலை செய்யப் பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். எல்லா ஊரிலும் இதே கதைதான் என்பது அவர்கள் பேசிக்கொண்டபோது தெரிந்தது. உள்ளூரில் ஒரு சங்கம் தொடங்கி, மில்லரைத் தலைவராக்கினார்கள்.

ஓர் ஊர்ச் சங்கம் போதாது என்று மில்லர் நினைத்தார். கருவிகளையும் ஒரு மாற்றுச் சட்டையையும் எடுத்துக்கொண்டு, சரக்கு ரயில்களில் ஏறி ஊர் ஊராகப் போனார். பகலில் அந்தந்த ஊரில் கம்பி வேலை, மற்ற நேரத்தில் ஆள் சேர்ப்பு. சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் என்று பல நகரங்களில் கிளைகள் உருவாயின. 1891 நவம்பர் 21 அன்று, செயின்ட் லூயிஸில் ஒரு நடனக் கூடத்தின் மாடி அறையில் முதல் மாநாடு கூடியது. வந்தவர்கள் 10 பேர், அவர்களுக்குப் பின்னால் இருந்த உறுப்பினர்கள் 286 பேர். மில்லரே முதல் தலைவர்.

பதவி முடிந்ததும் மில்லர் மறுபடி கம்பம் ஏறப் போனார். 1896 ஜூலை 10 இரவு, வாஷிங்டனில் வேலை செய்துகொண்டிருந்தபோது 2,200 வோல்ட் மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்தார். மறுநாள் காலை இறந்தார். அடக்கச் செலவுக்குக்கூட அவரிடம் பணம் இல்லை, கம்பெனிதான் அதைச் செய்தது.

அவர் தொடங்கிய சங்கத்தில் இன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பயிற்சி, கையுறை, விதிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு ஆபத்து நம் வீடுகளிலிருந்தே போகக்கூடியது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைத்தால், அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாயும். நடுவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர் அழுத்தமாக மாற்றிவிடும். லைனை ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி ஏறியவரின் உயிரை அது பறித்துவிடும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து இந்த இணைப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வரும் லைன்மேனுக்கு நன்றியும் ஒரு டம்ளர் மோரும் கொடுப்போம். அவர் பத்திரமாக இறங்கி வர நம்மால் ஆன உதவி இந்தச் சரிபார்ப்புதான்.