மெகஸ்தனிஸும் மன்னார் முத்தும்

கிரேக்கரான மெகஸ்தனிஸ், கி.மு. 300 அளவில் செலூக்கஸ் மன்னனின் தூதுவராகப் பாடலிபுத்திரம் வந்து, சந்திரகுப்த மௌரியரின் அவையில் தங்கியிருந்தார். கண்டதையும் கேட்டதையும் 'இண்டிகா' என்ற நூலாக எழுதினார். அதன்வழி நமக்குக் கிடைத்த கதை ஒன்று: கிரேக்கத் தெய்வக் கதைகளின் வீரன் ஹெராக்கிளிஸ் கடலில் முத்தைக் கண்டு வியந்தான். மகள் பண்டையாவை அலங்கரிக்க எங்கெங்கும் முத்துத் திரட்டினான். அவள் ஆண்ட நாடு அவள் பெயராலேயே வழங்கியதாம். அது பாண்டிய நாடு என்பது அறிஞர் பலரின் கருத்து.

தேனீக்களைப் போல முத்துச் சிப்பிகளுக்கும் அரசன் உண்டென்று மெகஸ்தனிஸ் நம்பினார். இலங்கையின் பெரிய முத்துகளையும் குறிப்பிட்டார். அவரது நூல் அழிந்துவிட்டது. பிறர் எடுத்தெழுதிய பகுதிகளே எஞ்சியுள்ளன.

தந்தையின் பாசம் கதையாயிற்று. மூச்சடக்கி மூழ்கியவர்கள் அதில் இல்லை. அரிப்பிலும் சிலாபத்துறையிலும் முத்துக்குளித்தோரின் கதையை மன்னார்ப் பிள்ளைகளாகிய நாம்தான் எழுத வேண்டும்.