புண் ஆற்றும் பொருள் தேடிய அலெக்சிஸ் காரெல்

ஆடுகளத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொள்ளாத மாணவர் நம்முள் எவரும் இலர். ஓரிரு நாளில் பொருக்குக் கட்டுகின்றது. சின்னாளில் அஃது உதிர, அடியில் இளஞ்சிவப்பான புதுத்தோல் தோன்றுகின்றது. மருத்துவர் மருந்திடலாம், துணி கட்டலாம். தோலை நெய்பவர் அவரல்லர். அங்ஙனமாயின், வாளா கிடந்த உயிரணுக்களை எழுப்பி வேலையில் ஏவுவது யாது? வேலை முடிந்ததும் நிறுத்துவது யாது? இவ்வினாவைப் பரிசோதனைச் சாலைக்குள் கொண்டு சென்ற முன்னோருள் ஒருவர் அலெக்சிஸ் காரெல் என்னும் பிரெஞ்சுச் சத்திர வைத்தியர். அவரைப் போற்றுவதா தூற்றுவதா என்று தெளியாமலே நாம் எழுதுகோலை எடுத்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

காரெல் 1873ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரையடுத்த ஊரொன்றில் பிறந்தார். ஐந்தாம் வயதில் தந்தையை இழந்து, தாயால் வளர்க்கப்பட்டு, லியோனிலேயே மருத்துவம் பயின்றார். 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ அந்நகரில் கத்தியால் குத்துண்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருநாளம் அறுபட்டது. அறுந்த நாளத்தைத் தைத்து இணைக்கும் வகை அக்காலத்து வைத்தியர்க்குக் கிட்டவில்லை. நள்ளிரவு கடந்ததும் தலைவர் உயிர் துறந்தார். மாணவராயிருந்த காரெலின் உள்ளத்தில் இஃது ஆழத் தைத்தது. துணியைத் தைக்கும் கைகளுக்கு நாளத்தைத் தைத்தல் ஏன் அரிதாதல் வேண்டும்? அவர் நகரத்துப் பூவேலைக்காரி ஒருத்தியிடம் சென்று, மிக நுண்ணிய ஊசியைக் கையாளும் திறத்தைக் கற்றுக்கொண்டார். நாளத்தின் வாய் வட்டமானது, நழுவும் தன்மையது. அவ்வட்டத்தில் ஒத்த தொலைவில் மூன்று தையலிட்டு மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். நேராக நிற்கும் பக்கம் ஒவ்வொன்றையும் நெருக்கித் தைத்தல் எளிது. வடிவ கணிதத்தை வெறுக்கும் நம் நண்பர் சிலர் இதனைக் கவனிப்பாராக. இம்முறையை அவர் 1902இல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் நோயாளர் சென்ற புகைவண்டியில் மருத்துவராக லூர்து நகருக்குச் சென்றார். இறக்கும் நிலையிலிருந்த பெண்ணொருத்தி அங்கு நலமுற்றதைக் கண்டு, கண்டதை மறையாது கூறினார். மருத்துவர்கள் அவரை மூடநம்பிக்கையாளர் என்றனர். சமயத்தார் சிலரோ ஐயவாதி என்றனர். தாய்நாட்டில் பதவி கிட்டாதெனக் கண்டு 1904இல் கடல் கடந்தார். சிக்காகோவில் குத்ரீ என்பாருடன் சேர்ந்து ஆய்ந்தார். 1906இல் நியூயார்க்கிலிருந்த ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தை அடைந்தார். நாளங்களைத் தைத்தமைக்கும் உறுப்புக்களை மாற்றிப் பதித்தமைக்குமாக 1912இல் நோபெல் பரிசு பெற்றார்.

உடலினின்று பிரித்தெடுத்த திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். கோழிக் கருவைப் பிழிந்த சாற்றைச் சிறிது சேர்த்தால் திசு பன்மடங்கு விரைந்து பெருகுவதை 1913இல் அறிவித்தார். அச்சாற்றில் என்ன இருந்தது? அதற்கு விடை காணுமுன் பெரும்போர் மூண்டது.

கொம்பியேன் என்னும் ஊரிலமைந்த போர் மருத்துவமனையில் காரெல் காயமுற்ற வீரரிடையே பணிபுரிந்தார். புண் அழுகிக் கைகால் இழந்தோர் எண்ணிலர். ஆங்கில வேதியியலறிஞர் டேக்கின் அமைத்த நூற்றுக்கு அரைப்பங்கு வலிமையுள்ள ஹைப்போகுளோரைட்டு நீரை, சிறு இரப்பர்க் குழாய்களின் வழியே இரண்டு மணிக்கொரு முறை புண்ணின் மூலை முடுக்கெல்லாம் பாய்ச்சினர். அங்கு துய் நூயி என்னும் துணைவர் புண்ணின் ஓரத்தை மெல்லிய தாளில் வரைந்து, பரப்பை அளந்து, அது சுருங்கும் வேகத்தைக் கணக்கிட்டார். தூய புண் ஒருவகைக் கணித ஒழுங்கோடு ஆறுவதும், அவ்வொழுங்கு வயதைச் சார்ந்திருப்பதும் புலனாயின. பத்து வயதுச் சிறுவன் புண்ணினும் அறுபது வயதினர் புண் ஆற ஏறத்தாழ ஐந்து மடங்கு காலம் வேண்டும். பீரங்கி முழக்கத்தினிடையே தாளும் பென்சிலும் கொண்டு புண்ணை அளந்திருந்த அவர்களை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

போருக்குப்பின் காரெல் ஓர் அரிய செய்தியைக் கண்டார். விலங்கின் தோலில் உண்டாக்கிய புண்ணை யாதொரு உறுத்தலுமின்றித் தூய்மையாகக் காத்தால், அது பன்னாள் ஆறத் தொடங்காமலே கிடந்தது. சிறிது உறுத்தல் நேர்ந்து வெள்ளணுக்கள் திரண்டவுடன் ஆறுதல் தொடங்கிற்று. வெள்ளணுக்கள் ஏதோவொரு பொருளை வழங்குகின்றன என்று துணிந்து, ஊட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாக அதற்குத் திரெபோன் என்று பெயரிட்டார். அவர் அதனை உணவென்று கருதினார். அஃது உணவன்று, ஏவல். உண்மையை நெருங்கி வந்து வாயிலில் நின்றுவிட்டார் எனலாம்.

அவ்வாயிலைத் திறந்தவர் பிற்காலத்தார். ஸ்டான்லி கோகென் சுண்டெலியின் சுரப்பியிலிருந்து பிரித்த ஒரு புரதம் குட்டிகளின் கண்ணிமைகளை முன்கூட்டியே திறக்கச் செய்வதை 1962இல் வெளியிட்டார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி. இரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிப்படும் காரணி 1974இல் அறியப்பட்டது. தோல் கிழிந்தவுடன் தட்டணுக்கள் குருதியை உறையச் செய்வதோடு இக்காரணிகளையும் உதிர்க்கின்றன. அவற்றின் அழைப்பால் வெள்ளணுக்கள் வருகின்றன; அவை மேலும் காரணிகளைச் சுரக்கின்றன; நார் நெய்யும் அணுக்கள் பெருகுகின்றன; புதுக் குருதிக் குழல்கள் முளைக்கின்றன; ஓரத்துத் தோலணுக்கள் நடுவை நோக்கி ஊர்கின்றன. நீரிழிவினர் காலில் நாட்பட்ட புண்ணிலோ, புண்ணீரிலுள்ள நொதிகள் இக்காரணிகளைச் சிதைத்துவிடுகின்றன. தட்டணுக் காரணியைக் கொண்டமைத்த களிம்பொன்று 1997இல் அமெரிக்காவில் அத்தகைய புண்ணுக்கு ஏற்கப்பட்டது.

காரெலின் பிழைகளையும் கூறுதல் கடன். 1912 ஜனவரியில் அவர் தொடங்கிய கோழி இதயத் திசு அவர் இறந்தபின்னும் 1946வரை பேணப்பட்டது. உயிரணுவுக்குச் சாவில்லையென்று உலகம் நம்பிற்று. 1961இல் ஹேபிளிக்கும் மூர்ஹெட்டும் இயல்பான மனித உயிரணு ஓரளவே பிரியும் என்று காட்டினர். ஊட்டிய கருச்சாற்றோடு புத்துயிரணுக்களும் கலத்திற் புகுந்திருக்கலாம் என்பது அறிஞர் ஐயம்.

இப்பிழை மன்னிக்கத்தக்கது. மற்றொன்று அத்தகையதன்று. 1935இல் வெளியிட்ட நூலில், கொடுங்குற்றவாளிகளையும் குற்றமிழைத்த பித்தர்களையும் நச்சு வாயுவால் அகற்றுதலை அவர் ஆதரித்து எழுதினார். மறு ஆண்டு வந்த ஜெர்மானியப் பதிப்பின் முன்னுரையில் நாத்சி அரசின் செயலைப் பாராட்டினார். முன்பின் அறியாத போர்வீரன் புண்ணருகே இரவெல்லாம் விழித்திருந்தவரா இதனை எழுதினார் என்று நாம் பன்முறை ஏட்டை மூடிவைத்தோம். அவர் அக்காலத்தவர் என்னும் சமாதானம் எமக்குப் போதவில்லை. அதே காலத்தில் அங்ஙனம் எண்ணாதவரும் பலர் இருந்தனர்.

1939இல் ராக்பெல்லர் கழகத்தினின்று ஓய்வு பெற்றார். பின்னர்ப் பிரான்சில் விஷி அரசின் ஆதரவில் 1941இல் ஒரு நிறுவனம் அமைத்தார். பாரிஸ் விடுதலையுற்றபின் பகைவர்க்கு உடந்தையானவர் என்னும் பழி அவரைச் சூழ்ந்தது. விசாரணைக்கு முன்னரே, 1944 நவம்பர் 5ஆம் நாள் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய லியோன் மருத்துவப் பகுதி 1996இல் அப்பெயரைக் களைந்து, லெனெக் என்னும் மருத்துவர் பெயரை ஏற்றது. வட்டத்தை முக்கோணமாக்கும் தையலோ இன்றும் சத்திரசாலைகளில் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகின்றது.