ஹென்றி ஃபோர்டு: அம்பத்தூர் ஷிப்ட் முதல் மறைமலை நகர் வரை... கார் உலகை மாற்றிய மனிதரின் கதை

காலை 6 மணி ஷிப்டுக்கு ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் கம்பெனி பஸ்கள் கிளம்புகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாக ஆலை. லைனில் நிற்கும் தொழிலாளி, எட்டு மணி நேரமும் அதே நாலு போல்ட்டை மாட்டுகிறார். அவர் பாகத்தைத் தேடிப் போவதில்லை. பாகம்தான் அவரைத் தேடி வருகிறது.

இது நமக்குப் பழகிப்போன காட்சி. ஆனா, 1913-க்கு முன்னாடி கார் தொழிலில் இப்படி ஒரு வேலை முறையே கிடையாது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் இருந்த ஒரு கார் ஆலை. அதன் முதலாளி பெயர் ஹென்றி ஃபோர்டு.

ஏழைகளும் கார் வாங்கலாம் என்று காட்டியவர், தொழிலாளிக்கு இரட்டிப்பு சம்பளம் கொடுத்தவர் என்று ஒரு பக்கம் பாராட்டு. தொழிற்சங்கத்தை அடியாள் வைத்து அடித்தவர், யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பியவர் என்று இன்னொரு பக்கம் கடும் விமர்சனம். இதில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான். எப்படி என்று பார்க்கலாம்.

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

ஹென்றி ஃபோர்டு பிறந்தது 1863 ஜூலை 30. ஊர், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் இன்றைய டியர்பார்ன் பகுதி. அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். மகனும் நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு.

பையனுக்கோ கைக்கடக்கமான கடிகாரத்தைப் பிரித்து மாட்டுவதில்தான் ஆசை. 12 வயதில் அம்மா மேரி இறந்துபோனார். அதே 1876-ம் ஆண்டில், குதிரை இல்லாமல் தானாகவே சாலையில் ஓடிய ஒரு நீராவி இயந்திரத்தைப் பார்த்தான் ஹென்றி. அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவே இல்லை. 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, டெட்ராய்டில் பட்டறைப் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தான்.

1888-ல் கிளாராவுடன் திருமணம். 1891-ல் எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் வேலை, இரண்டே ஆண்டில் தலைமைப் பொறியாளர். பகலில் ஆபீஸ், ராத்திரியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்த ஆராய்ச்சி. 1896 ஜூன் 4-ம் தேதி அதிகாலையில், நாலு சைக்கிள் சக்கரம் வைத்த அவரது முதல் வண்டி தயார். அப்போதுதான் கவனித்தார், கொட்டகையின் கதவு வழியாக வண்டி வெளியே வராது! கோடரியால் சுவரை உடைத்துத்தான் வண்டியை வெளியே எடுத்தார்.

இரண்டு முறை சறுக்கல்

உடனே வெற்றி வந்துவிடவில்லை. 1899-ல் முதலீட்டாளர்களுடன் தொடங்கிய முதல் கம்பெனி 1901-ல் மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பங்குதாரர்களோடு ஒத்துப்போகாமல், சில மாதங்களிலேயே அவர் வெளியேறினார். ட்விஸ்ட் என்னவென்றால், அவர் விட்டுவிட்டு வந்த அந்தக் கம்பெனிதான் பிறகு கேடிலாக் என்ற சொகுசு கார் நிறுவனமாக மாறியது.

மூன்றாவது முயற்சி, 1903 ஜூன் 16. அன்று பதிவான ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்குக் கிடைத்த ரொக்க முதலீடு வெறும் 28,000 டாலர். அப்போது ஃபோர்டுக்கு வயது 39.

அந்தக் காலத்தில் கார் என்றால் பணக்காரர்களின் பொம்மை. ஃபோர்டு அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டார். ஒரே ஒரு மாடல், எளிமையான அமைப்பு, மண் ரோட்டிலும் ஓடும் வண்டி, கிராமத்து விவசாயியே ரிப்பேர் செய்துகொள்ளலாம். 1908 அக்டோபரில் வந்த அந்தக் கார்தான் 'மாடல் டி'. தொடக்க விலை சுமார் 850 டாலர்.

12 மணி நேர வேலை 93 நிமிடத்தில் முடிந்தது எப்படி?

ஆர்டர்கள் குவிந்தன. ஆனா அந்த வேகத்துக்கு கார் செய்ய முடியவில்லை. அப்போதெல்லாம் கார் ஒரே இடத்தில் நிற்கும். தொழிலாளர்கள் பாகங்களைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்வார்கள்.

ஃபோர்டும் அவருடைய பொறியாளர்களும் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் கொக்கியில் தொங்கும் இறைச்சி ஒவ்வொரு ஆளாகக் கடந்து போகும். அதே யோசனையை 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் கார் மீது பரீட்சித்துப் பார்த்தார்கள். வண்டியின் அடிச்சட்டம் நகரும், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. அடிச்சட்டத்தைப் பொருத்த முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில மாதங்களில் அது 93 நிமிடமாகக் குறைந்தது.

செலவு குறையக் குறைய விலையையும் குறைத்தார். 1920-களின் நடுவில் மாடல் டி விலை 300 டாலருக்கும் கீழே வந்தது. 1927-ல் தயாரிப்பு நிற்பதற்குள் 1 கோடியே 50 லட்சம் கார்கள் வெளியே வந்துவிட்டன.

5 டாலர் சம்பளம்: தாராள மனசா, கணக்கா?

லைன் வந்ததும் இன்னொரு தலைவலியும் வந்தது. ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்து, மனசு வெறுத்துத் தொழிலாளர்கள் ஓடிப்போனார்கள். 1913-ல் சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த, அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது!

இதற்குத் தீர்வாக 1914 ஜனவரியில் வந்த அறிவிப்பு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரு நாள் வருமானம் 5 டாலர். அதுவரை இருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது. அறிவிப்பு வந்ததும், கொட்டும் பனியில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாசலில் கூடினர். கூட்டத்தைக் கலைக்க, அந்தக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

இதில் மனிதாபிமானம் மட்டும் இல்லை. 9 மணி நேரமாக இரண்டு ஷிப்ட் ஓடிய ஆலை, 8 மணி நேரமாக மூன்று ஷிப்ட் ஓட ஆரம்பித்தது. மெஷினுக்கு ஓய்வே இல்லை. ஆட்கள் ஓடிப்போவதும் வெகுவாகக் குறைந்தது. அம்பத்தூரிலும் பாடியிலும் இன்று ஓடும் மூன்று ஷிப்டின் கணக்கும் இதேதான்.

5 டாலருக்கு நிபந்தனையும் இருந்தது. குடிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா, காசு சேர்த்து வைக்கிறாரா என்று பார்க்க, கம்பெனி ஆட்கள் தொழிலாளி வீட்டுக்கே போனார்கள். அவர்கள் ஓகே சொன்னால்தான் முழுப் பணம்.

மறக்க முடியாத கறை

பணமும் புகழும் வந்த பிறகுதான் ஃபோர்டின் இருண்ட பக்கம் வெளியே வந்தது. முதல் உலகப் போரை நிறுத்தப் போகிறேன் என்று 1915-ல் கப்பல் பிடித்து ஐரோப்பா போனவர் அவர். அதே மனிதர் 1920 முதல், தனக்குச் சொந்தமான ஒரு வாரப் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட வைத்தார். உலகத்தின் கஷ்டங்களுக்கெல்லாம் ஒரே இனம்தான் காரணம் என்ற பொய்ப் பிரசாரம் அது. அவை புத்தகமாகி ஜெர்மனி வரை போயின. ஹிட்லர் அவரைப் பாராட்டினார்.

அவதூறு வழக்கில் சிக்கிய ஃபோர்டு, 1927-ல் மன்னிப்புக் கேட்டு பத்திரிகையையும் மூடினார். ஆனாலும் 1938-ல், தனது 75-வது பிறந்தநாளில், நாஜி ஜெர்மனி கொடுத்த விருதை வாங்கிக்கொண்டார். அந்தக் கறை இன்றுவரை போகவில்லை.

சங்கம் என்றால் அடி

சம்பளத்தை உயர்த்திய அதே ஃபோர்டுக்கு, தொழிற்சங்கம் என்ற பேச்சே ஆகாது. 1932 மார்ச்சில், பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர்கள் டியர்பார்ன் ஆலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீசும் கம்பெனி காவலர்களும் சுட்டதில் நாலு பேர் அங்கேயே செத்தார்கள். ஐந்தாவது நபர் பின்னர் இறந்தார். 1937 மே மாதம், ஆலை வாசலில் துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத் தலைவர்களை கம்பெனி ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பத்திரிகைப் புகைப்படங்களில் அது பதிவானதால் நாடே அதிர்ந்தது.

ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1937-லேயே சங்கத்தை ஏற்றுக்கொண்டன. ஃபோர்டு கடைசியாக, 1941-ல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிடிவாதத்தின் விலை

வியாபாரத்திலும் பிடிவாதம் அவரைக் கவிழ்த்தது. 1914-க்குப் பிறகு பல வருஷம் மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டும்தான் கிடைத்தது. போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் விதவிதமான மாடல், கலர், தவணைத் திட்டம் என்று இறங்கி, 1920-களின் இறுதியில் முந்திச் சென்றது.

மாற வேண்டும் என்று சொன்னவர் மகன் எட்செல். பெயருக்கு அவர்தான் கம்பெனித் தலைவர். முடிவெடுப்பது அப்பா. பல பேர் முன்னாடி மகனை அவமானப்படுத்தவும் அப்பா தயங்கியதில்லை. எட்செல் 1943-ல் புற்றுநோயால் 49 வயதில் இறந்தார். உடல் தளர்ந்த நிலையில் ஃபோர்டு மீண்டும் தலைவரானார். கம்பெனி தள்ளாடியது. கடைசியில் குடும்பத்தினர் அழுத்தம் கொடுக்க, 1945-ல் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டிடம் பொறுப்பு போனது.

1947 ஏப்ரல் 7. வெள்ளத்தால் வீட்டில் கரண்ட் இல்லை. விளக்கு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் ஃபோர்டின் உயிர் பிரிந்தது. வயது 83. ஒரு காலத்தில் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மனிதர் அவர்!

காந்தி அனுப்பிய ராட்டை

ஃபோர்டுக்கு இந்தியாவோடு ஒரு சுவாரஸ்யமான தொடர்பும் உண்டு. 1941-ல் அவர் காந்தியின் பணியைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பதிலுக்கு, கையெழுத்திட்ட ஒரு ராட்டையை அனுப்பி வைத்தார் காந்தி. பெரிய மெஷின்கள் மனிதனின் வேலையைப் பறிக்கும் என்று கவலைப்பட்டவரின் ராட்டை, உலகின் மிகப்பெரிய மெஷின் முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது.

சென்னையில் ஃபோர்டு: வந்தது, போனது, திரும்புவது

1926-ல், கனடா ஃபோர்டு கிளையின் மூலம் இந்தியாவில் கால் பதித்தது கம்பெனி. பம்பாய், கல்கத்தாவுடன் மெட்ராஸிலும் கார்கள் பொருத்தப்பட்டன. 1950-களில் அது மூடப்பட்டது. 1995-ல் மஹிந்திராவுடன் கைகோத்து மீண்டும் வந்து, மறைமலை நகரில் ஆலை கட்டியது. ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் நம்ம ஊர் சாலையில் ஓடிய வண்டிகள்.

ஆனா மலிவான கார் கொடுத்து உலகத்தை ஜெயித்த கம்பெனியால், மலிவான சின்ன கார்களை விரும்பும் இந்தியச் சந்தையில் ஜெயிக்க முடியவில்லை. பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. குஜராத் ஆலையையும் சேர்த்து சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராட வேண்டியும் வந்தது. ஒரு பெரிய ஆலை மூடினால் பாதிப்பு அதன் கேட்டோடு நிற்காது. உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட், வேன் ஓட்டுபவர், டீக்கடை வரை போகும்.

2024-ல், ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தப் போவதாக ஃபோர்டு தெரிவித்தது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கு இன்ஜின் தயாரிக்க தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029-ல் தொடங்கும் என்பது திட்டம்.

நம்ம பகுதிக்கு என்ன சம்பந்தம்?

1949-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களில் பாடியில் வந்த லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என்று வரிசையாக எழுந்ததுதான் மேற்கு சென்னையின் தொழில் பட்டை. இவை எதுவும் ஃபோர்டின் கம்பெனி இல்லை. ஆனா ஒரே அளவிலான பாகம், ஆளுக்கு ஒரு வேலை, நேரக் கணக்கு என்ற பாடத்தை உலகத் தொழில்துறை படித்தது டெட்ராய்டில்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. 8 மணி நேர வேலை ஃபோர்டு கொடுத்த தானம் இல்லை. அவருக்கு முன்பே தொழிலாளர்கள் அதற்காகப் போராடி உயிரையும் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சென்னையில் கொண்டாடினார் சிங்காரவேலர். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால், அது திரும்பப் பெறப்படும் என்று மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார்.

நல்ல சம்பளமும் குறைவான நேரமும் கொடுத்தால் கம்பெனியும் வளரும் என்பதற்கு ஃபோர்டின் 1914-ம் ஆண்டு சாட்சி. அதை முதலாளியின் மனசை மட்டும் நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவரது 1932-ம் 1937-ம் சாட்சி. அடுத்த முறை ஷிப்ட் பஸ்ஸில் ஏறும்போது, இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.