கிளி வரைந்த எட்வர்ட் லியர்
(9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு)

ஆந்தையும் பூனையும் படகில் ஏறிக் கடலுக்குப் போகும் ஆங்கிலப் பாட்டு ஞாபகம் இருக்கா? அதை எழுதியவர் எட்வர்ட் லியர். அவருக்கும் எனக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டு பேருக்கும் வலிப்பு நோய். அதனாலதான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1812-இல் லண்டன் பக்கம் ஹாலோவேயில் பிறந்தார். அம்மாவுக்கு 21 பிள்ளைகள், இவர் 20-ஆவது! அப்பாவுக்குப் பண நஷ்டம். 21 வயது மூத்த அக்கா ஆன்தான் தம்பியைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஐந்தாறு வயதில் வலிப்பு ஆரம்பித்தது. அப்போது மருந்தே கிடையாது. ஓரளவு கேட்ட முதல் மருந்தான புரோமைடு 1857-க்குப் பிறகுதான் வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார வைத்துப் பறவை, பூ எல்லாம் வரையச் சொல்லிக்கொடுத்தார். 15 வயதிலேயே படம் வரைந்து சம்பாதித்தார் லியர். லண்டன் மிருகக்காட்சி சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த 42 படங்கள் 1832-க்குள் வெளிவந்துவிட்டன. 1846-இல் விக்டோரியா ராணிக்கே ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1874-இல் நம்ம மாமல்லபுரத்துக்கும் வந்து வரைந்திருக்கிறார்!

இவ்வளவு பெரியவர், வலிப்பை மட்டும் வெளியே சொல்லவே இல்லை. வரப்போவது அவருக்கு முன்னாடியே தெரிந்துவிடுமாம். உடனே எழுந்து தனியாகப் போய்விடுவார். நாட்குறிப்பில் வந்த நாளெல்லாம் பெருக்கல் குறி மாதிரி ஒரு கோடு. தன் தப்பால் வந்த நோய் என்றுகூட நினைத்தார். 1888-இல் இத்தாலியில் 75 வயதில் இறந்தார்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பக் கஷ்டமா இருந்தது. தனியாப் போய் விழுந்தா தலையைப் பிடிக்க யார் இருப்பாங்க? நான் மறைக்கப் போவதில்லை. எனக்கு வந்தால் இரும்புச் சாவி தேடாதீங்க, அதனால் நிற்காது. வாயில் எதையும் வைக்காதீங்க, தண்ணீர் ஊற்றாதீங்க, கையைக் காலை அமுக்காதீங்க. பெஞ்சை நகர்த்திட்டு, தலைக்கு அடியில் துண்டு வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்க. ஒருத்தர் ஆசிரியரைக் கூப்பிடுங்க, ஒருத்தர் கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினால் 108-க்குப் போன் செய்யணும். தொட்டால் ஒட்டாது, பயப்படாதீங்க. விழித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியாது. சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல் யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சரியானதும் கபடிக்கு என்னையும் கூப்பிடுங்க.