மேடை போன பிறகும் பாடிய குரல்: யார் இந்த ஃப்ரெடி மெர்குரி?

எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, ஃபைனல் முடிந்து கோப்பையைத் தூக்கும்போது ஸ்பீக்கரில் 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' பாட்டைக் கேட்டிருப்பீங்க. 1977-ல் அதை எழுதிப் பாடியவர் ஃப்ரெடி மெர்குரி. 'குயின்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர். 1991-லேயே இறந்துபோனவர், இன்னிக்கும் பலரோட ப்ளேலிஸ்ட்டில் இருக்கார். எப்படி?

பஞ்ச்கனி டு லண்டன்

1946 செப்டம்பர் 5-ல் சான்சிபார் தீவில், குஜராத் பூர்வீகம் கொண்ட பார்சி குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஃபாரோக் புல்சாரா. 8 வயதில், இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள பஞ்ச்கனியில் போர்டிங் ஸ்கூலில் சேர்த்தார்கள். பியானோவில் கை தேறியது, நண்பர்களோடு முதல் இசைக்குழு தொடங்கியது, 'ஃப்ரெடி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது எல்லாமே அங்கேதான்.

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. லண்டனில் கிராஃபிக் டிசைன் படித்த ஃப்ரெடி, மார்க்கெட்டில் பழைய துணியும் விற்றார். 1970-ல் கிட்டாரிஸ்ட் பிரையன் மே, டிரம்மர் ரோஜர் டெய்லருடன் கைகோத்தார். 'குயின்' என்று பெயர் வைத்ததும், லோகோ வரைந்ததும் அவர்தான். அடுத்த ஆண்டு பேஸ் கிட்டாரிஸ்ட் ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார்.

அப்படி என்ன ஸ்டைல்?

1975-ல் வந்த 'போஹிமியன் ராப்சடி'யைக் கேட்டாலே புரியும். கிட்டத்தட்ட 6 நிமிடப் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. மெதுவா ஆரம்பித்து, ஓபராவுக்குத் தாவி, அதிரடி ராக்கில் வெடித்து, மறுபடி அடங்கும். நடுவில் கேட்கும் பெரிய கோரஸ் வெறும் மூன்று பேரின் குரல். பல முறை பதிவு செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்காங்க. இவ்வளவு நீளப் பாட்டு ரேடியோவில் எடுபடாது என்றார்கள். பிரிட்டனில் 9 வாரம் நம்பர் 1.

அவருக்கு மேல்வரிசையில் கூடுதல் பற்கள் இருந்தன. எடுத்தால் குரல் மாறிடுமோ என்று கடைசி வரை கைவைக்கவில்லை.

மேடையிலோ, கூட்டத்தையே இசைக்குழுவில் ஒரு ஆளாக மாற்றிவிடுவார். 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரி. லண்டன் வெம்ப்ளி அரங்கில் சுமார் 72,000 பேர். குயினுக்குக் கிடைத்தது 20 நிமிடம் சொச்சம். வார்த்தையே இல்லாமல் ஒரு ராகத்தை அவர் இழுக்க, மொத்த அரங்கமும் அதைத் திருப்பிப் பாடியது.

மேடை இல்லாத ஆண்டுகள்

1987-ல் எய்ட்ஸ் உறுதியானது. நோயை நிறுத்தி வைக்கும் மருந்து அன்று இல்லை. அந்தப் பெயரைச் சொன்னாலே ஊர் ஒதுக்கிய காலம். ஃப்ரெடி வெளியே சொல்லவில்லை. முந்தைய ஆண்டு நெப்வொர்த்தில் குயினோடு பாடியதே கடைசிக் கச்சேரி ஆனது. பத்திரிகைகள் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க, அவர் ஸ்டுடியோவுக்குள் போனார். நிற்கவே சிரமப்பட்ட நாள்களிலும் ரெக்கார்டிங்கை விடவில்லை.

1991 நவம்பர் 23-ல் நோயை உலகுக்கு அறிவித்தார். மறுநாளே இறந்தார். வயது 45. எய்ட்ஸ் ஒழிப்புக்கு உதவ, நண்பர்கள் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள்.

அவர் கடைசியாகப் பாடிய 'மதர் லவ்' 1995-ல் வெளியானது. கேட்டுப் பாருங்க, கடைசிச் சரணத்தில் குரல் மாறும். அதைப் பாடி முடிக்க ஃப்ரெடி திரும்பி வரவில்லை. அங்கே பாடுவது பிரையன் மே.